கேட்டில் குளவிக் கூடு: கொளுத்தவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்

போன சித்திரையில் ஒரு நாள், இஸ்திரிக்குப் போட்டிருந்த துணி மூட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளை இழுத்தேன். சுருக்கென்று ஏதோ குத்தியது. கம்பியோ என்று கையை உதறுவதற்குள் இன்னொன்று, அப்புறம் மணிக்கட்டில் ஒன்று. சதுரக் குழாயில் செய்த கேட் அது. குழாய் முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடி எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது, அந்தப் பொந்துக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கூடு, அதன்மேல் ஏழெட்டுக் குளவிகள் இறக்கையைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றிருந்தன. தினமும் பத்துத் தடவை திறந்து மூடுகிற கேட். எத்தனை நாளாக அங்கே குடியிருந்தனவோ, நான்தான் பார்க்கவில்லை. விரல் வீங்கி மோதிரம் இறுகிக்கொண்டது, அதைக் கழற்ற சோப்பு நுரையும் நூலுமாக அரை மணி நேரம் போராடினோம்.

வலி அடங்கியதும் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு குச்சியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டச் சொன்னார். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் ஆயா, "அய்யய்யோ, குளவி கூடு கட்டினா வீட்டுல புள்ள பொறக்கப் போவுதுன்னு அர்த்தம், கை வைக்காத" என்றாள். வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை. நான் இரண்டையும் செய்யவில்லை. அன்றிலிருந்து இந்தக் குளவிகளைக் கவனிக்க ஆரம்பித்தேன், படிக்கவும் ஆரம்பித்தேன். சத்துவாச்சாரியோ காட்பாடியோ குடியாத்தமோ, நம் வேலூர்ப் பக்கத்து வீடுகளில் என்ன செய்தால் சரிப்படும் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எது என்று பாருங்கள்

நாம் பறக்கிற எல்லாவற்றையும் குளவி என்றுதான் சொல்கிறோம். வீட்டில் அடிக்கடி பார்ப்பது மூன்று வகை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சுவர் மூலையிலும் சுவிட்ச் போர்டு ஓரத்திலும் கதவு இடுக்கிலும் ஈர மண்ணை உருட்டிக்கொண்டு வந்து அப்புகிறதே, அது மண் குளவி. ஆயா சொன்ன பிள்ளைப்பேறு கதையும், புழுவைக் கொட்டிக் கொட்டியே தன்னைப் போல் குளவியாக மாற்றிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் இதைப் பற்றியவை. உண்மையில் அது சிலந்தியையோ புழுவையோ கொட்டி மரத்துப் போக வைத்து, உள்ளே அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்த இரையைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. பார்த்தவர்களுக்குப் புழு போய்க் குளவி வந்த மாதிரி இருந்ததில் ஆச்சரியமில்லை. இது கூட்டமாக வாழாது, கூட்டைக் காவல் காக்காது, கையில் பிடித்து நசுக்கினாலொழிய கொட்டாது. சுவர் அசிங்கமாகிறது என்றால் குளவி வெளியே வந்து ஓட்டை விழுந்த பிறகு கரண்டியால் சுரண்டி எறியுங்கள். இதற்காக ஸ்பிரே அடிப்பது வீண் செலவு.

இரண்டாவது கதண்டு. கடந்தை என்றும் சொல்வார்கள். உடம்பே பெரியது, கறுப்பு, வயிற்றில் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. கூட்டைச் சுற்றி உறை போட்டுப் பந்து மாதிரி மூடியிருக்கும், அல்லது மரப் பொந்திலும் மண் பொந்திலும் ஒளிந்திருக்கும், போக வர ஒரு வாசல்தான் தெரியும். இதில் உங்கள் வீரத்தைக் காட்டாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடியுங்கள், நம் ஊரில் கதண்டுக் கூட்டை அழிக்க அவர்கள் வருவது வழக்கம்தான். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவதுதான் நம் கேட்டில் இருந்தது, காகிதக் குளவி. ஒல்லியான உடம்பு, நூல் மாதிரி இடுப்பு, பறக்கும்போது பின்னங்கால்கள் தொங்கிக்கொண்டே போகும். செம்பழுப்பில் மஞ்சள் கோடு போட்டது உண்டு, உடம்பு முழுக்க மஞ்சளாகவும் உண்டு. கூடு சாம்பல் நிறத்தில், தாமரைக் காயைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். உறை கிடையாது, அறைகள் திறந்தே இருப்பதால் கீழிருந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழுவின் தலை தெரியும். கூடு முழுவதும் ஒரே ஒரு கறுத்த காம்பில் தொங்கும். இந்தக் காம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேனீயையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தேனீக்கு உடம்பில் ரோமம் இருக்கும், கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும், தேனீயும் செத்துப்போகும். குளவிக் கொடுக்கு அப்படி மாட்டிக்கொள்வதில்லை. அதனால் ஒரே குளவி எத்தனை தடவை வேண்டுமானாலும் கொட்டும். என்னை மூன்று இடத்தில் குத்தியது மூன்று குளவியா ஒரே குளவியா என்பது இன்று வரை தெரியாது.

அது என்னதான் செய்கிறது அங்கே

இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும், செய்ய வேண்டியதும் தானாகப் புரியும்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டிய பழைய மூங்கில் தட்டி ஒன்று இருக்கிறது. காலையில் சத்தமில்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கரகரவென்று மெல்லிய ஒரு சத்தம் கேட்கும். குளவிதான். மூங்கிலின் மேல் உட்கார்ந்து பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நாரைச் சுரண்டுகிறது. அது போன பிறகு பார்த்தால் வெயிலில் கறுத்த மூங்கிலில் நகத்தால் கீறின மாதிரி வெளிறிய கோடு. சுரண்டிய நாரை எச்சிலோடு மென்று சின்ன உருண்டையாக்கி, கூட்டின் விளிம்பில் வைத்து, தாடையால் தட்டித் தட்டி மெல்லிய தாளாக இழுக்கிறது. காய்ந்ததும் நிஜமாகவே காகிதம். மரத்திலிருந்து காகிதம் செய்யலாமே என்று பிரெஞ்சு விஞ்ஞானி ரேமூர் 1719-இல் எழுதியதற்குக் காரணமே குளவிக் கூட்டைப் பார்த்ததுதான். அதுவரை ஐரோப்பாவில் கந்தல் துணியில்தான் காகிதம் செய்துகொண்டிருந்தார்கள்.

பெரிய குளவிக்கு ஆகாரம் பூவில் உள்ள தேனும் இனிப்பும்தான். இரை தேடுவதெல்லாம் குஞ்சுகளுக்காக. கறிவேப்பிலைச் செடியை ஒரு வாரத்தில் மொட்டையடிக்கும் பச்சைப் புழு இருக்கிறதே, அதைத் தூக்கி, மென்று, உருட்டிக்கொண்டு போய்க் குஞ்சுக்கு ஊட்டும். பதிலுக்குக் குஞ்சு வாயிலிருந்து ஒரு சொட்டு எச்சில் தரும், பெரியது அதைக் குடித்துக்கொள்ளும். இலவம்பாடி முள் கத்தரிக்காய் போடுகிற பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இலைமேல் மேயும் புழுக்களை இது நன்றாகக் குறைக்கும். காய்க்குள் துளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புழுவை மட்டும் இதால் ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே குளவியை நம்பி அதற்கான வேலையை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வேலூரை வெயிலூர் என்று கேலி செய்யாதவர் யார். மே மாதம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் மெழுகே இளகும். அந்த நேரத்தில் குளவிகள் துணி துவைக்கிற தொட்டியின் ஈர விளிம்பில் வந்து உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும். குடிக்க மட்டும் அல்ல, கூட்டின் மேல் சொட்டு வைத்து, இறக்கையால் விசிறி, குஞ்சுகளைக் குளிர வைக்கத்தான். கோடையில் உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் சொட்டுகிற குழாய்க்கும் ஓயாமல் குளவி வருகிறதென்றால், பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது. தண்ணீர் எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். கூடு தேட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில், பனிக்காலம் வந்தால் கூடு தானாகக் காலியாகும், பொறுத்திருங்கள் என்பார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. தென்னிந்தியாவில் அதிகமாகக் காணப்படும் ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற வகை ஆண்டு முழுக்கக் கூடு கட்டும், ஒரே கூடு மாதக்கணக்கில் தொடர்ந்து நடக்கும். மார்கழியில் காலியாகும் என்று காத்திருந்தால் தைப் பொங்கலுக்குக் கூடு இரண்டு மடங்காகியிருக்கும்.

இந்த வகையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய குழு கண்டதில் எனக்குப் பிடித்தது, இதன் ராணி பரம சாது. பார்வைக்கும் மற்றவை மாதிரியேதான் இருக்கும். ராணியை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று சில நிமிடங்களிலேயே ஆக்ரோஷமாக மாறி எல்லோரையும் விரட்ட ஆரம்பிக்கும், அதுதான் அடுத்த ராணி. ஆகவே பெரிதாகத் தெரிகிற ஒன்றை அடித்துவிட்டால் கதை முடிந்தது என்று செருப்பைத் தூக்காதீர்கள். கூடு இருக்கும்வரை குடும்பம் நடக்கும்.

எடுக்கலாமா, விடலாமா

கூட்டின் அளவைப் பார்த்துப் பலர் முடிவெடுக்கிறார்கள். நான் இடத்தைப் பார்க்கச் சொல்வேன். மாடி சன்ஷேடுக்கு அடியில், ஆள் போகாத பக்கத்தில் உள்ளங்கை அகலக் கூடு இருந்தாலும் விட்டுவிடுங்கள். காகிதக் குளவி சும்மா போகிறவரைத் துரத்திக் கொட்டாது, கூட்டுக்கு ஆபத்து என்று நினைத்தால்தான் வரும். அதற்கு முன் எச்சரிக்கையும் கொடுக்கும், உடம்பை உயர்த்தி, இறக்கையை விரித்து, முன்காலைத் தூக்கி உங்களைப் பார்க்கும். அதைப் பார்த்தால் கையை ஆட்டாமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள்.

ஆனால் நாலே நாலு அறை கொண்ட கூடு கேட் தாழ்ப்பாளிலோ, மீட்டர் பெட்டிக்குள்ளோ, குளியலறை வென்டிலேட்டரிலோ, வண்டிக் கவரின் மடிப்பிலோ, துணி காயப்போடும் கொடிக் கம்பி முனையிலோ இருந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும். நீங்கள் பார்க்காமல் கை வைக்கிற இடம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வீட்டில் யாருக்காவது முன்பு குளவியோ தேனீயோ கொட்டி மூச்சு முட்டியது, உடம்பெல்லாம் தடித்தது என்றால் வாசல் பக்கம் எந்தக் கூட்டையும் விடாதீர்கள், எடுக்கிற வேலையையும் அவர் செய்யக் கூடாது.

கை எட்டாத உயரம், ஏணி போட வேண்டிய இடம், மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயருக்குப் பக்கம், இதெல்லாம் நம் வேலை இல்லை. ஏணி மேல் நிற்பவரைக் குளவி கொட்டுவதைவிட, கொட்டியதும் அவர் கீழே குதிப்பதுதான் ஆபத்து.

சின்னதாக இருக்கும்போது

ஆரம்பத்தில் கூட்டில் ஒன்றோ இரண்டோ குளவிதான் இருக்கும், ஒரு நாணயத்தின் அகலம்கூட இருக்காது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும்போது எடுத்துவிட்டால் ஸ்பிரேயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், நீளமான ஒட்டடைக் கம்பு போதும். குளவி இரை தேடப் போயிருக்கிற நேரம் பார்த்து ஒரே தட்டில் கீழே தள்ளுங்கள். விழுந்ததை மிதித்து மண்ணில் புதைத்துவிடலாம். கோழி வளர்ப்பவர்கள் கோழி முன்னால் போடுங்கள், கூட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொத்தித் தின்னும் வேகத்தைப் பார்க்க வேண்டும். மருந்து அடித்த கூட்டை மட்டும் கோழிக்குப் போடக் கூடாது.

பெரும்பாலானவர்கள் இத்துடன் விட்டுவிடுகிறார்கள், பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி கூடு. காம்பை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். கூடு விழுந்தாலும் காம்பின் அடி கறுப்புப் பொட்டு மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு ஏறி வந்து குஞ்சைத் தின்னாமல் இருக்க இந்தக் காம்பில் ஒரு சுரப்பைப் பூசி வைப்பது குளவிக்கு வழக்கம். அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்து, பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். விரட்டப்பட்ட குளவி இரண்டு மூன்று நாள் அங்கேயே சுற்றும், மறுபடி ஆரம்பித்தால் மறுபடி தள்ளுங்கள். எங்கள் கேட்டில் மூன்றாவது முறை தள்ளிய பிறகுதான் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனது.

கூடு பெரிதாகிவிட்டால்

பகலில் தொடாதீர்கள். பகலில் பாதிக் குளவி வெளியே போயிருக்கும், நீங்கள் கூட்டை எடுத்து முடித்து நிம்மதியாக நிற்கும்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நன்றாக இருட்டிய பிறகு எல்லாம் கூட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், அதுதான் நேரம். காலை விடியும் முன்னும் பரவாயில்லை.

தேவையானது ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. செடிக்கு அடிக்கிற, காற்று அழுத்தி வைக்கும் சின்ன ஸ்பிரேயரில் ஊற்றி, முனையைத் திருகிப் புகையாக வராமல் ஒரே கோடாகப் பீய்ச்சும்படி வைத்துக்கொள்ளுங்கள், முதலில் சுவரில் அடித்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிடுங்கள். வெறும் தண்ணீர் குளவி உடம்பில் ஒட்டாமல் வழிந்துவிடும். சோப்பு கலந்தால் அது உடம்பில் பரவி, மூச்சு விடும் துளைகளுக்குள் புகுந்து, மூச்சடைத்துச் சாகும். இறக்கை நனைந்தால் பறக்கவும் முடியாது. விஷ மருந்து இல்லை என்பதால் துளசி மாடத்துக்குப் பக்கத்திலும் தைரியமாக அடிக்கலாம்.

முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், சாக்ஸ், ஷூ, அதன்மேல் மழைக் கோட்டு. தலைக்கு வண்டி ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். வேட்டியிலோ நைட்டியிலோ இந்த வேலைக்குப் போக வேண்டாம், கீழிருந்து ஏறும். வாசல் விளக்கை அரை மணி முன்பே அணைத்துவிடுங்கள். கலைந்த குளவி வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பறக்கும், ஆகவே டார்ச்சைக் கையில் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளி ஸ்டூல் மேல் வையுங்கள், முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் இன்னும் நல்லது, பூச்சிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. பின்னால் ஓட வழி இருக்கிறதா, செருப்பு, பூந்தொட்டி, வண்டி எதுவும் காலில் தடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களைச் சாத்தி, வீட்டில் இருப்பவர்களை உள்ளே இருக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆறேழு அடி தூரத்தில் பக்கவாட்டில் நின்று, நேர் கீழே நிற்காமல், கூட்டின் மேல் விடாமல் பீய்ச்சுங்கள். ஒரு தடவை அடித்துவிட்டு என்ன ஆகிறது என்று நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, அசைவது நின்று எல்லாம் கீழே விழும்வரை அடிக்க வேண்டும். முடிந்ததும் நேராக வீட்டுக்குள் போய்விடுங்கள். காலையில் வந்து கம்பால் கூட்டைத் தள்ளி, காம்பைச் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவலாம். கீழே கிடப்பதை வெறும் காலால் மிதிக்காதீர்கள், செத்த குளவியின் கொடுக்கும் குத்தும்.

மீட்டர் பெட்டி, ஏசி வெளி யூனிட், மோட்டார் ஸ்டார்ட்டர் இங்கெல்லாம் எந்தத் தண்ணீரும் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனையோ பூச்சி மருந்து அடிக்கிறவரையோ கூப்பிடுங்கள். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் குளவியைக் கொல்லும்தான், ஆனால் அதில் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது, சமையலறை ஜன்னலில் அடுப்பு எரியும்போது அடிப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தண்ணீர் டேங்க் மூடிக்கு அடியில் கூடு என்றால் அங்கே சோப்பும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், ஒட்டடைக் கம்பும் மழைக் கோட்டும் மட்டும்.

நான் ஒரு முறை ஆளைக் கூப்பிட்டும் பார்த்தேன். வந்தவர் நடுப்பகலில் வந்து, புஸ்ஸென்று இரண்டு அடி அடித்து, ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூட்டை எடுக்கவே இல்லை. வெளியே போயிருந்தவை சாயங்காலம் திரும்பி வந்தன. ஆகவே ஆளை அழைப்பவர்கள் இரண்டே கேள்வி கேளுங்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், கூட்டை எடுத்துக்கொண்டு போவீர்களா.

நெருப்பு விஷயம். எங்கள் தெருவிலேயே ஒருவர் பந்தம் கொளுத்திக் காட்டியதில் சன்ஷேடு ஓரமாகப் போன கேபிள் ஒயர் உருகித் தொங்கியது, பெயிண்ட் கருகியது, குளவிகளில் பாதி தப்பித்து அவர் காதிலேயே கொட்டியது. வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, தட்டி இருக்கிற வீடுகளில் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் ஊற்றுவதும் அதே ரகம். கல் விட்டு எறிகிற பிள்ளைகளை முதுகில் ஒன்று போட்டு உள்ளே இழுத்து வாருங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் குளவியை நசுக்கவும் கூடாது, சில வகைகளில் நசுங்கியதன் விஷத்திலிருந்து வரும் வாசனை மற்றவற்றைத் தூண்டிவிடும்.

கொட்டிவிட்டால்

முதல் வேலை அங்கிருந்து இருபது முப்பது அடி தள்ளிப் போவது. இரண்டாவது மோதிரம், வளையல், வாட்ச், கொலுசு, எது வீக்கத்தில் மாட்டுமோ அதைக் கழற்றுவது, நான் பட்டதைச் சொன்னேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பத்து நிமிடமாக வையுங்கள். அரிப்பு, வீக்கத்துக்குப் பெரியவர்கள் சிட்ரிசின் மாத்திரை ஒன்று போடலாம், தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால். வீக்கம் மறுநாள் இன்னும் கூடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், சிலருக்கு ஒரு வாரம்கூட இருக்கும்.

சுண்ணாம்பு தடவுவதை விட்டுவிடுங்கள், தோல் வெந்துபோகும். இரும்பைத் தேய்ப்பது, வெங்காயம், எலுமிச்சை, இவற்றால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே தடவும் சாறு அங்கே போகாது. ஆயா மஞ்சள் அரைத்துப் போட்டாள், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். கொட்டிய இடத்தைவிட்டு வேறெங்காவது உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், உதடோ நாக்கோ முகமோ வீங்கினால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் அது ஒவ்வாமை. சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். மாத்திரை போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த ஆட்டோவில் பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், சிஎம்சிக்குத்தான் போக வேண்டும் என்று பக்கத்தில் இருப்பதைத் தாண்டிப் போக வேண்டாம், ஊசி முதலில். மயக்கமாக வந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார்ந்தபடி இருக்கட்டும்.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் ஓடுங்கள். கதண்டுக் கூட்டம் பத்து இருபது இடத்தில் கொட்டியிருந்தால், அப்போது நன்றாக இருந்தாலும் மருத்துவமனையில் காட்டுங்கள், விஷம் தசையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், சிறுநீர் காப்பி நிறத்தில் போவது அதன் அடையாளம். குழந்தைகளுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையே அதிகம்.

மறுபடி வராமல் இருக்க

முழுவதும் வராமல் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை கறிக் கடைக்குப் போய்விட்டு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து நிமிர்ந்து பாருங்கள். சன்ஷேடு அடி, மாடிப்படி அடி, போர்ட்டிகோ மூலை, தகர ஷீட்டின் மடிப்பு, ஏசிக்குப் பின்னால், குரோட்டன்ஸ் வேலிக்குள், தென்னை மட்டைக்கு அடியில். வேலி வெட்டும் முன் நீளக் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பல நாள் பூட்டிக் கிடந்த ஷட்டரையும் அப்படித்தான் திறக்க வேண்டும். வென்டிலேட்டருக்குக் கொசு வலை அடித்தால் கொசுவோடு சேர்த்துக் குளவிக்கும் தடை. சொட்டுகிற குழாயைச் சரி செய்யுங்கள், மாம்பழத் தோலைத் திறந்த கூடையில் போடாதீர்கள். பழுப்புக் காகிதப் பையை ஊதித் தொங்கவிட்டால் வேறு கூடு என்று நினைத்துக் குளவி ஓடிவிடும் என்பதையும் செய்து பார்த்தேன், இரண்டாவது வாரம் அந்தப் பைக்கு ஒரு முழம் தள்ளி அழகாகக் கூடு கட்டியிருந்தது.

எங்கள் மாடி சன்ஷேடில் இப்போதும் ஒரு கூடு இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஒரு நாள் கறுப்புக் கதண்டு ஒன்று வந்து அதில் உட்கார்ந்து, குளவிகள் எல்லாம் ஒதுங்கி நிற்க, ஒவ்வொரு அறையாகப் புழுவைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். காகிதக் குளவிக்கு நம்மைவிடப் பெரிய எதிரி அதுதான். இரண்டு நாள் கழித்து மிச்சமிருந்தவை பக்கத்திலேயே புதுக் காம்பு போட்டிருந்தன.

கேட் குழாய்க்கு மூடி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலை பெரிதாக ஒன்றும் இல்லை. குழாயின் வெளி அளவை இஞ்சில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள், நான் கண்ணளவில் வாங்கி இரண்டு முறை திரும்ப நடந்தேன். மூடியை அடிக்கும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.